சுளகில் சரிந்த பனி

கேதீஸ்வரி செட்டிபாளையத்தை விட்டுப் புறப்பட்டது 2004ஆம் ஆண்டு டிசம்பர் இருபத்துநான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு. வான் வாசலில் வந்து நின்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணன் சாமித்தம்பிக்கு மட்டும் அவசரமே இல்லை. கருவாட்டுப் பொட்டலத்துக்கு மூன்றாவது பொலித்தீன் பை போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான். மணம் வெளியே வந்தால் விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு நாள் பிந்திப் போனா உன்ட மலை உருகியா போயிரும்?" என்று கேட்டான்.

"உருகினாப் பரவாயில்ல அண்ணா. விழுந்திரும். அதைப் பார்க்கத்தானே என்னை வெச்சிருக்கிறாங்க."

சாமித்தம்பி சிரித்தான். அவள் வந்து நின்ற மூன்று கிழமையும் பனி என்ற பேச்சு எடுத்தாலே சிரித்தான். கடலில் தோணி விடுகிற குடும்பத்தில் பிறந்தவள் தண்ணீர் உறைந்து கிடப்பதைக் காவல் காக்கப் போகிறாள் என்பதை அவனால் கடைசிவரை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணி சீதேவியும் பதினாலு வயது மகள் ஆர்த்திகாவும் வேலியோரம் நின்று கை காட்ட, அவன் வானின் கண்ணாடியைப் பிடித்தபடி பெரிய றோட்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தான். றோட்டில் வான் வேகம் எடுத்தபோது கையை எடுத்தான்.

கேதீஸ்வரி ஊரைவிட்டு முதலில் போனது தொண்ணூறில், பதினெட்டு வயதில். இளம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பதே வீட்டுக்கு ஆபத்து என்றிருந்த காலம். கொழும்பு, மொஸ்கோ, பெயர் தெரியாத இரண்டு எல்லைகள் என்று அலைந்து சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் வந்து ஒதுங்கினாள். முந்நூறு பேர் வசிக்கிற ஊர், ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல். ஹோட்டலின் சலவைக் கூடத்தில் கட்டில் விரிப்புத் தோய்க்கிற வேலை. முதல் இரண்டு குளிர்காலமும் அவள் பனியைப் பார்த்தது ஆவி படிந்த ஒரு சிறு கண்ணாடி வழியாகத்தான்.

அந்த நாட்டில் பனிச்சரிவு எச்சரிக்கை ஒரு கந்தோரிலிருந்து வருகிறது. ஆனால் அந்தக் கந்தோருக்குக் கண்ணும் கையுமாக இருப்பவர்கள் மலையூர்களில் வசிக்கிற சாதாரண ஆட்கள்: மாடு வளர்ப்பவர், தபால்காரர், ஹோட்டல் சிப்பந்தி. விடியற்காலை எவ்வளவு புதுப்பனி விழுந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தச் சரிவு இராத்திரி விழுந்தது என்று அளந்தும் பார்த்தும் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு இதைச் செய்தவன் றூடி, ஹோட்டலில் பெட்டி தூக்குபவன். ஒரு குளிர்காலம் அவன் கால் முறிந்து படுத்தபோது ஐந்து மணிக்கு எழும்பக்கூடிய ஆள் ஹோட்டலில் சலவைக்காரி ஒருத்திதான் இருந்தாள். ஒரு கிழமைக்கு என்று அளவுகோலை வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கால் சுகமான பிறகு றூடி அவளுக்குப் பதிலாளாக ஆனான்.

மற்றவர்களிடம் இல்லாமல் அவளிடம் இருந்த ஒன்று, தனக்குப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது என்ற நினைப்பு. மூன்று வயதிலிருந்து பனியில் சறுக்கியவர்கள் சரிவைத் தூர நின்று பார்த்து, பிழையில்லை என்று சொல்லிவிடுவார்கள். அவளால் அப்படிச் சொல்ல முடியாது. அவள் தோண்டினாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, விழாத சரிவாகப் பார்த்து, சவளால் நிலம் தெரியும்வரை குழி வெட்டி, அதன் சுவரைச் சீவிச் சமனாக்கினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும். இது கார்த்திகையில் விழுந்தது, இது மழை நனைத்து இறுகியது, இது காற்று கொண்டுவந்து குவித்தது. ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்துவாள். கைமுட்டி உள்ளே போனால் மிக மெது. நாலு விரல் போனால் அதைவிடக் கொஞ்சம் இறுக்கம். பிறகு ஒரு விரல், பென்சில், கத்தி. கடைசியில் ஒரு தூணைப்போல அறுத்தெடுத்து, அதன் தலையில் சவளை வைத்துத் தட்டுவாள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு உடைந்து வழுக்கியது என்று எழுதுவாள். முப்பதும் தட்டி உடையாவிட்டால், உடையவில்லை என்று எழுதுவாள். விழாது என்று எழுதமாட்டாள்.

இதைத்தான் அவள் புறப்படுவதற்கு முதல்நாள் வியாழக்கிழமை பின்னேரம் அண்ணன் வீட்டில் சொல்லிக் காட்டப் பார்த்தாள். ஆர்த்திகாவுக்கு அடுக்கு, குழி என்று வாயால் சொன்னது விளங்கவில்லை. உடனே கேதீஸ்வரி குசினிக்குள் போய் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து வந்தாள். அதில் ஒரு பிடி சீனியைப் பரவினாள். வெறும் நிலத்துக்கு மேலே மெல்லிசாகப் பனி விழுந்து, பிறகு நாள்கணக்கில் வானம் வெளித்துக் குளிர்ந்தால் அடியில் கிடக்கிற பனி இப்படித்தான் ஆகும் என்றாள்: ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதன்மேல் பிட்டுக்குக் குழைத்து வைத்திருந்த அரிசிமாவைப் பரவி உள்ளங்கையால் அழுத்தினாள். இது காற்று கொண்டுவந்து அடித்த புதுப்பனி. பார்க்க வெள்ளையாய், பலமாய், ஒரே பாளமாய்க் கிடக்கும். சீதேவி தன் பிட்டுமா போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுளகின் வாய்ப்பக்கத்தை மெல்லச் சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சாய்த்தாள். மாப்பாளத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கீழ்ப்பாதி அப்படியே வழுக்கிப் பாயில் விழுந்தது. ஆர்த்திகா கைதட்டினாள். சாமித்தம்பி, சுளகில் வெறுமையாய்த் தெரிந்த சீனியை ஒரு விரலால் தொட்டு நக்குவதற்குக் கையை நீட்டினான். மேலே மிச்சமாய் நின்ற பாதி அந்த நேரம் பார்த்து அவன் கைமேல் சரிந்தது.

"செத்துட்டீங்க அண்ணா," என்று சொல்லிக் கேதீஸ்வரி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரித்தபடியே விளக்கினாள்: மலையில் ஆட்கள் சாவது பலதரம் இப்படித்தான். ஒன்று விழுந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று உள்ளே ஓடுவார்கள். மிச்சம் மேலே நிற்கும்.

அந்தக் கிழமைதான் முகத்துவாரம் வெட்டியிருந்தார்கள். மாரி மழைக்கு வாவி நிரம்பி வயல் வட்டைக்குள் தண்ணீர் ஏறினால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே குவிந்து கிடக்கிற மணல்மேட்டை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டிய அன்றே வாவி ஒரே இழுவையாக இறங்கும். சனம் இறங்கிய தண்ணீருக்குப் பின்னாலேயே போய் இறாலும் மீனும் பொறுக்கும். சாமித்தம்பி கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு, அப்படியானால் தண்ணீருக்கும் இந்தக் கதைதானோ என்று கேட்டான். அவன் பகிடியாய்க் கேட்டானா உண்மையாய்க் கேட்டானா என்று கேதீஸ்வரி பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள். அந்த நேரம் அவள் பெட்டி அடுக்க எழும்பிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வேற, பனி வேற அண்ணா. தண்ணி இறங்கினா இறங்கினதுதான்."

சனிக்கிழமை இரவு மலையூருக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அளவுகோலோடு வெளியே வந்தாள். புதுப்பனி பன்னிரண்டு சென்ரிமீற்றர், காற்று மேற்கு. எழுதி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது ஹோட்டல் தொலைக்காட்சியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் பனியை அளந்துகொண்டிருந்தபோது செட்டிபாளையத்தில் பகல் பதினொரு மணி. கடல் வந்து போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள்தான் தொடர்பு கிடைத்தது. சீதேவியும் ஆர்த்திகாவும் தப்பியிருந்தார்கள். அன்று காலை டியூசன் வகுப்புக்கென்று, கடலுக்குத் தள்ளி டவுனில் இருக்கிற புளியந்தீவுக்குப் போயிருந்தார்கள். சாமித்தம்பி இல்லை. உடலும் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்: முதல் அலைக்கு அவன் தப்பிவிட்டான். நெஞ்சளவு நனைந்து பெரிய றோட்டில் நின்றதை அயல்வீட்டுக்காரர் கண்டிருக்கிறார். தண்ணீர் வற்றிக் கடல் உள்ளே போனதும் அவன் திரும்பவும் கரைப்பக்கம் போயிருக்கிறான். அவன் மட்டுமா, ஊரில் பாதி அப்படித்தான் போனது. வாவிக் கரையில் பிறந்த சனம். தண்ணீர் இறங்கினால் பின்னாலே இறங்கிப் போகத்தான் கால்கள் பழகியிருந்தன. இரண்டாவது அலை முதலாவதைவிட உயரமாக வந்தது.

எதற்குப் போனான் என்றதற்கும் ஊர் ஒரு விடை வைத்திருந்தது. தங்கச்சி வாங்கிக் கொடுத்த புது வலை. அதை எடுக்கப் போனவன்.

கேதீஸ்வரி போனை வைத்துவிட்டு வழக்கம்போலக் குழி வெட்டப் போனாள் என்று றூடி பிறகு சொன்னான். முப்பது தட்டையும் தாண்டி அவள் தட்டிக்கொண்டே நின்றாளாம். அவன் போய்ச் சவளை வாங்கினானாம்.

அவளுக்கு விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. தண்ணி இறங்கினா இறங்கினதுதான் என்று அவள் சொன்ன சொல்லை நம்பியா அவன் போனான்? உலகத்திலே அதை அறிந்த ஒரே ஆள் அவன். அவனிடம் கேட்க வழியில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தாள். ஆபத்தைப் பற்றி வாய் திறக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குப் பட்டது.

அவள் வேலையை விடவில்லை. சொல்லும் விதத்தை மாற்றினாள். எழும்பிப் போகிற போக்கில் யாருக்கும் மறுமொழி சொல்வதை நிறுத்தினாள். வழியில் யாராவது, இன்றைக்கு அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டால் நின்று, கையில் இருப்பதைக் கீழே வைத்து, கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். தெரியாததை, மற்றவர்கள் தெரிந்ததைச் சொல்கிற அதே பலத்தோடு, தெரியாது என்று சொன்னாள். அவளோடு பேச்சுக் கொடுத்தால் தேநீர் ஆறிவிடும் என்று ஹோட்டலில் கேலி செய்தார்கள். ஆனாலும் மேலே ஏறுபவர்கள் சலவைக் கூடத்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் ஏறினார்கள்.

2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹோட்டலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு சரிவு விழுந்தது. அந்த வழியால் போன நாலு விருந்தினரும் தப்பி வந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள்; ஒருவரும் உள்ளே இல்லை. ஒருவர் மட்டும் தன் தோள்பை அங்கே கிடக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். பை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் கிடந்தது. கேதீஸ்வரி ஈரக் கையோடு ஓடிவந்து ஒற்றையடிப் பாதையின் குறுக்கே நின்றாள். விழுந்த இடத்துக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது, அதற்கு மேலே மிச்சம் நின்றது. அவர் கெஞ்சினார், பிறகு ஏசினார், சலவைக்காரி தன்னைத் தடுப்பதா என்று முதலாளியைக் கூப்பிட்டார். அவள் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. முதலாளியும் கடைசியில் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அன்று ஒன்றும் விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. விருந்தினர் பையை விட்டுவிட்டுக் கோபத்தோடு ஊர் போனார். மிச்சம் விழுந்தது மூன்றாம் நாள் விடியற்புறம், பார்க்க யாரும் இல்லாத நேரம். அவள் அதையும் எழுதினாள்: விழுந்தது, நேரம் தெரியாது. யாரிடமும் போய், பார்த்தீர்களா என்று கேட்கவில்லை.

ஊருக்கு அவள் திரும்பி வந்தது 2009 ஆகஸ்ட்டில். போர் முடிந்து மூன்று மாதம். அதற்கு முந்திய நாலு வருடமும் பாதை மூடல், சண்டை என்று காரணம் சொல்லிக்கொண்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயம் என்பதுதான் காரணம். ஊரில் எல்லாரும் தாழ்ந்த குரலில் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: முடிஞ்சுது. கடைக்காரர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நீங்க என்ன நினைக்கிறீங்க என்று அவளைக் கேட்டவர்களுக்கு அவள் நின்று, பையைக் கீழே வைத்து, தெரியாது என்றாள்.

சீதேவியின் புது வீடு வாவிப் பக்கமாக இருந்தது. கடலோரம் கட்ட இப்போது விடுவதில்லை. ஆர்த்திகாவுக்குப் பத்தொன்பது வயது, வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகக் காத்திருந்தாள். சாமித்தம்பியின் படம் முன்னறைச் சுவரில் மாலையோடு தொங்கியது. இரண்டு நாள் எதையெதையோ கதைத்துவிட்டு, மூன்றாம் நாள் இறால் உரித்துக்கொண்டிருந்த சீதேவிக்கு முன்னால் கேதீஸ்வரி பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மச்சாள், தண்ணி இறங்கினா இறங்கினதுதான் எண்டு அண்ணாக்குச் சொன்னது நான்."

சீதேவி கையை நிறுத்தவில்லை. "உன்ட சொல்லுக் கேட்டு அவர் எண்டைக்கு நடந்தவர்? சுருட்டை விடச் சொல்லி எத்தினை கடிதம் போட்டனி நீ?"

"மச்சாள்..."

"ஊரே அப்படித்தான் நினைச்சதுகா. நீ சொல்லியோ ஊர் போனது?" ஒரு இறாலை உரித்துச் சட்டியில் போட்டாள். "அவர் வலைக்குப் போனவர். அதைக் கிளறாத."

வலை யார் வாங்கிக் கொடுத்தது என்று சீதேவியும் சொல்லவில்லை, கேதீஸ்வரியும் சொல்லவில்லை. இரண்டு பேருமாக மிச்ச இறாலை உரித்து முடித்தார்கள். புறப்படுகிற அன்று சீதேவியே ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். மூன்று பை போட்டிருந்தாள்.

பிறகு இன்னும் இரண்டு குளிர்காலம். 2012 பெப்ரவரியில், அந்தப் பள்ளத்தாக்கே பனியில் மூழ்கிக் கிடந்த ஒரு கிழமையில், கேதீஸ்வரி குழிக்குள் நின்று தூணின் தலையில் தட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பதினேழாவது தட்டில் அடியிலிருந்த சீனி அடுக்கு உடைந்து, மேலே இருந்த பாளம் அவள் மடியை நோக்கி வழுக்கியது. அதை எழுதி, குழியை மூடி, மேட்டுக்கு வந்த பிறகுதான் கையுறையைக் கழற்றினாள். ஆர்த்திகா அனுப்பியிருந்தாள்.

"மாமி, காத்தான்குடியிலிருந்து பரீனா எண்டு ஒராள் வந்திருக்கிறா. கட்டாரில ஆறு வருசம் வேலை செஞ்சிட்டுப் போன மாசம்தான் வந்தவவாம். வந்ததிலிருந்து செட்டிபாளையத்துச் சந்தியில இறங்கி இறங்கி, பனி நாட்டில தங்கச்சி இருக்கிற மனிசன்ட வீடு எது எண்டு விசாரிச்சிருக்கிறா. பேர் தெரியாதாம். இண்டைக்கு நம்மட வீட்டைக் காட்டி விட்டிருக்கிறாங்க. அப்பாட படத்தைக் கண்டதும் இவர்தான் எண்டு நிலத்தில இருந்திட்டா. அவ சொன்னதை அப்படியே எழுதுறன். அம்மாவும் பக்கத்தில இருக்கிறா.

"'நாங்க அண்டைக்குக் கல்முனைக்குக் கலியாண வீட்டுக்கு பஸ்ஸில போன. றோட்டுக்குத் தண்ணி வந்து பஸ் நிண்டுட்டு. மறுகா தண்ணி வத்தினதும் எல்லாரும் இறங்கிக் கடலைப் பார்க்கப் போனோம். என்ட மகள் முப்லிஹாவுக்கு நாலு வயசு, இடுப்பில வெச்சிருந்தன். இந்த மனிசன் எங்களுக்கு முன்னால ஓடி வந்து ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சிட்டார். கிறுகிப் போங்க, மற்றது மேல நிக்குது எண்டார். எங்கட ஆக்கள் ஏசினாங்க. உமக்கென்ன தெரியும் எண்டாங்க. வலை ஒண்டும் அவர்ட கையில இல்ல, வலையைப் பத்தி ஒரு சொல்லும் கதைக்கல்ல. எங்களைத் தள்ளித் தள்ளி றோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு, கரையில இன்னும் சனம் நிக்குது எண்டு திரும்பிப் போனார். அதுக்குப் புறகு காணல்ல. எங்கட பஸ்ஸில வந்த முப்பது பேரும் உயிரோட இருக்கிறம். முப்லிஹா இப்ப ஆறாம் வகுப்பு.

"'நான் அவரைக் கேட்டன், இன்னொண்டு வரும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன எண்டு. ஓடுற ஓட்டத்திலயும் சிரிச்சார். என்ட தங்கச்சி பனி நாட்டில இருக்கிறா, சுளகில போட்டுக் காட்டினவ எண்டார். அது பனிக்குத்தானாம், தண்ணிக்கு இல்லையாம் எண்டும் சொன்னவ, ஆனா எனக்கென்னமோ அவ அதைப் பிழையாச் சொல்லிட்டா போல கிடக்கு, அவ வரட்டும் சொல்லிக் காட்டுறன் எண்டார்.'"